செவிச்சான்றும் ஈயச்சான்றும்: சேர் சிட்னி ஸ்மித்

அக்குறணை மலைச்சாரலிலே காட்டுப்பன்றியை வெருட்ட இரவில் எவரேனும் வெடி தீர்த்தால், அவ்வோசை எதிர்க்குன்றில் மோதி மீளும். மறுநாள் மாணாக்கரை வினவினால் ஒரு வெடி என்பார் சிலர்; இரண்டு என்பார் சிலர். இரு சாராரும் பொய்யரல்லர். எதிரொலி ஒருபுறமிருக்க, ஒலியினும் விரைந்து செல்லும் குண்டாயின், அது காற்றைக் கிழிக்கும் ஓசையும் சுடுகுழல் வாயிலெழும் முழக்கமும் வெவ்வேறாகவே செவிக்கு எட்டும். அருகில் 140 டெசிபலையும் விஞ்சும் அம்முழக்கம், திறந்த வெளியில் தூரம் இரட்டிக்குந்தோறும் ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். இன்றைய கைப்பேசி ஒலிப்பதிவும் அதன் உச்சத்தைத் தாங்காது வெட்டிவிடும். எனின், செவியொன்றையே நம்பி ஒருவனைத் தூக்குமரத்துக்கு அனுப்புதல் தகுமோ? இவ்வினா எழுந்தோறும் யான் நினைப்பவர் சேர் சிட்னி ஸ்மித்.

1883இல் நியூசிலாந்தின் ரொக்ஸ்பரோ என்னும் சிற்றூரிற் பிறந்த அவர், முதலில் மருந்துக்கடைத் தொழில் பயின்றார். பின்னர் எடின்பரோவில் மருத்துவங் கற்று 1912இற் பட்டம் பெற்றார். ஹார்வி லிட்டில்ஜோனின் உதவியாளராயிருந்து சட்ட மருத்துவத்திற் கைதேர்ந்து, 1917இல் எகிப்து அரசின் பணியேற்றார்.

1924 நவம்பர் 19ஆம் நாள் கெய்ரோ வீதியிலே, சூடானின் ஆளுநர் நாயகமாயிருந்த சேர் லீ ஸ்டாக் சுடப்பட்டு மறுநாள் மாண்டார். வெடியோசை காற்றோடு கலந்தது, குண்டுகளோ எஞ்சின. சுடுகுழலின் உட்புறம் குண்டின்மேற் கீறும் வடுக்களை ஸ்மித் ஆராய்ந்தார். முன்னைய கொலைகளிற் கிடைத்த குண்டுகளிலும் அவ்வடுக்களையே கண்டார். பின்னர்க் கைப்பற்றிய துப்பாக்கிகளைச் சுட்டுப் பார்த்து ஒப்பிட்டார். 1925இற் குற்றவாளிகள் தூக்கிலிடப்பட்டனர். பேரரசின் நிழலிலேயே அவர் பணியாற்றினார் என்பதை மறத்தலாகாது. எனினும் அவர் காட்டிய வடுக்கள் எவருக்கும் அஞ்சிப் பேசியவையல்ல.

1928 முதல் 1953 வரை எடின்பரோவிற் பேராசிரியராக விளங்கிய அவர் வாழ்வு நம் நாட்டையுந் தொட்டது. துடுப்பாட்ட வீரர் சதாசிவம், 1951இல் நிகழ்ந்த தம் மனைவியின் கொலைக்காகக் கொழும்பிலே விசாரிக்கப்பட்டார். கொல்வின் ஆர். டி சில்வா அவருக்காக வாதாடினார். மரணம் எந்நேரத்தில் நேர்ந்தது என்பதே வழக்கின் உயிர்நாடி. எதிரியின் சார்பிற் சாட்சியமளித்தோருள் ஸ்மித்தும் ஒருவர். 1953இற் சதாசிவம் குற்றவாளியல்லர் எனத் தீர்ப்பாயிற்று.

கெய்ரோவிலே சிலரைத் தூக்குமேடைக்குச் செலுத்திய அதே ஆய்வுநெறி, கொழும்பிலே ஒருவரை மீட்கத் துணைநின்றது. அளவைக்கு வேண்டியவர், வேண்டாதவர் இல்லை. அதுவே அதன் அறம்.

ஸ்மித் 1969இல் மறைந்தார். யான் மாணாக்கருக்குச் சொல்வது இதுவே: ஓசை கேட்டேன் என்னுங்கால், கேட்டது எது, கருதியது எது எனப் பிரித்துச் சொல்லப் பழகுமின். அவ்விரண்டுக்கும் இடையிலே ஒரு மனிதனின் உயிர் நிற்றல் கூடும்.