போருக்குப் போகும் முன் ஒரே ஒரு மேட்ச்: ஜப்பான் மாணவர் பேஸ்பாலின் தந்தை தொபிதா சுய்ஷூ யார்?

1943 அக்டோபர் 16. டோக்கியோவில் வசேதா பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான தொத்சுகா மைதானம். ஒரு பக்கம் வசேதா மாணவர்கள், எதிர்ப்பக்கம் கெயோ பல்கலைக்கழக மாணவர்கள். மைதானம் நிரம்பி வழிகிறது. நடக்கப்போவது ஒரு பேஸ்பால் மேட்ச்தான். ஆனா, அங்கே வந்திருந்த எல்லோருக்கும் ஒரு விஷயம் தெரியும். களத்தில் ஆடுகிற பையன்களும், கேலரியில் தொண்டை கிழியக் கத்துகிற பையன்களும் இன்னும் சில வாரங்களில் ராணுவ உடைக்கு மாறிவிடுவார்கள். அதில் எத்தனை பேர் திரும்பி வருவார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது.

அரசுக்குப் பிடிக்காத, சொந்தப் பல்கலைக்கழக நிர்வாகமே தயங்கிய இந்த மேட்ச் நடந்தே ஆக வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர்களில் ஒருவர், 56 வயது தொபிதா சுய்ஷூ. வசேதா அணியின் முன்னாள் பயிற்சியாளர். மாணவர்களை மைதானத்தில் சுருண்டு விழும்வரை ஓடவிட்டவர் என்று பெயர் எடுத்த மனிதர். அப்படிப்பட்டவர் ஏன் இந்த ஒரு மேட்ச்சுக்காக இவ்வளவு மெனக்கெட்டார்? அதைப் புரிந்துகொள்ள வசேதா பேஸ்பாலின் கதையை ஆரம்பத்தில் இருந்து பார்க்க வேண்டும்.

பேராசிரியர் போட்ட விதை

வசேதாவில் பேஸ்பால் கிளப் தொடங்கியது 1901ல். அதற்குத் தலைவராக இருந்தவர் பேராசிரியர் அபே இசோ. ஜப்பானின் ஆரம்பகால சோஷலிஸ்டுகளில் ஒருவர், போரை எதிர்த்தவர். நாடுகள் போர்க்களத்தில் மோதிக்கொள்வதைவிட விளையாட்டு மைதானத்தில் மோதிக்கொள்வது நல்லது என்பது அவருடைய நம்பிக்கை.

1903ல் வசேதாவும் கெயோவும் முதல்முறையாக மோதின. கெயோ 11-9 என்று ஜெயித்தது. இரண்டு பல்கலைக்கழகங்களின் பெயர்களையும் சேர்த்து 'சோகெய்சென்' என்று அழைக்கப்படும் இந்த மோதல், ஜப்பானிய மாணவர் விளையாட்டின் மிகப்பெரிய திருவிழாவாக வளர்ந்தது.

1905ல் அபே இன்னொரு துணிச்சலான காரியம் செய்தார். ரஷ்யாவுடன் ஜப்பான் போரில் இருந்த நேரத்தில், மாணவர் அணியைக் கப்பலில் ஏற்றி அமெரிக்காவுக்கு அழைத்துப்போனார். 26 ஆட்டங்களில் 7 வெற்றி, 19 தோல்வி. கணக்குப்படி பார்த்தால் படுதோல்விதான். ஆனா, பந்து வீசும் விதம், 'பன்ட்' என்கிற மெல்லத் தட்டும் ஆட்டம், கிளவ், ஸ்பைக் ஷூ என்று அங்கே பார்த்ததை எல்லாம் கற்றுக்கொண்டு வந்தார்கள். அது ஜப்பானிய பேஸ்பாலையே மாற்றியது.

அடுத்த ஆண்டே ஒரு சிக்கல். 1906ல் இரு தரப்பு ஆதரவாளர்களின் ஆவேசம் எல்லை மீறியது. அடிதடி ஆகிவிடுமோ என்று பயந்து, தொடரின் கடைசி ஆட்டத்தையே ரத்து செய்தார்கள். அதன்பிறகு 19 ஆண்டுகள் வசேதாவும் கெயோவும் மோதவே இல்லை.

ஒரு தோல்வி, ஒரு ராஜினாமா

தொபிதா பிறந்தது 1886ல், இபராகி மாகாணத்தில். மிதோ நகரில் பள்ளிப்படிப்பு. பிறகு வசேதா. 'சுய்ஷூ' என்பது அவர் எழுத்துக்காக வைத்துக்கொண்ட புனைபெயர். கடைசியில் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

வசேதாவில் அவர் செகண்ட் பேஸ் ஆட்டக்காரர், பிறகு கேப்டன். அவர் கேப்டனாக இருந்த 1910ல், அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழக அணி ஜப்பானுக்கு வந்தது. வசேதாவுக்கு எதிரான எல்லா ஆட்டங்களிலும் சிகாகோதான் ஜெயித்தது. ஒன்றைக்கூட விட்டுக்கொடுக்கவில்லை.

மாணவர் விளையாட்டில் தோற்பது பெரிய விஷயமா என்று தோன்றலாம். தொபிதாவுக்கு அது தாங்க முடியாத அவமானம். தோல்விக்குப் பொறுப்பேற்று அணியை விட்டே விலகினார். படிப்பு முடிந்து பத்திரிகையாளர் ஆனார். யோமியூரி நாளிதழில் வேலை. ஆனா, சிகாகோவிடம் வாங்கிய அடி மனசை விட்டுப் போகவே இல்லை.

திரும்பி வந்த தொபிதா

1919ல் வசேதா அணியின் முதல் முழுநேரப் பயிற்சியாளராகப் பொறுப்பேற்றார். அவருக்கு முன்னால் ஒரே ஒரு இலக்கு. சிகாகோவை ஜெயிக்க வேண்டும். இரண்டு பல்கலைக்கழகங்களும் ஏறக்குறைய ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறி மாறிப் பயணம் செய்து மோதிக்கொண்டிருந்ததால், வாய்ப்பு வரும் என்பது அவருக்குத் தெரியும்.

அதற்கு அவர் தேர்ந்தெடுத்த வழி பயிற்சி, பயிற்சி, பயிற்சி. பயிற்சியாளர் மட்டையால் பந்துகளை அடித்துக்கொண்டே இருப்பார். மாணவர் இடமும் வலமும் ஓடி, பாய்ந்து, விழுந்து பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். பத்து, இருபது பந்துகளில் முடிகிற வேலை இல்லை. நூற்றுக்கணக்கில் போகும். கால் நகராமல் கீழே விழும்வரை போகும். இதற்கு 'மரணப் பயிற்சி' என்றே பெயர் வந்துவிட்டது.

தொபிதாவின் கணக்கு வேறு. அமெரிக்கர்களுக்கு உயரமும் பலமும் இருக்கிறது, அதை நம்மால் கொண்டுவர முடியாது. ஆனா, மனசை உறுதியாக்க முடியும், ஒவ்வொரு பந்துக்கும் முழு உயிரையும் கொடுத்து ஆட முடியும் என்று நம்பினார். ஜூடோ, கெண்டோ மாதிரி பேஸ்பாலும் மனிதனைச் செதுக்குகிற ஒரு பாதை என்பதுதான் அவர் பேசியதற்கும் எழுதியதற்கும் அடிப்படை. ஜெயிப்பது அந்தப் பாதையில் வருகிற பலன், அவ்வளவுதான்.

1925: கணக்கு தீர்ந்தது

1925ல் சிகாகோ மறுபடியும் ஜப்பானுக்கு வந்தது. இந்த முறை தொடரை வென்றது வசேதா. 15 ஆண்டுகள் சுமந்த பாரம் இறங்கியது.

அந்த ஆண்டு இன்னும் இரண்டு பெரிய விஷயங்கள் நடந்தன. டோக்கியோவின் ஆறு பல்கலைக்கழகங்கள் சேர்ந்த லீக் தொடங்கியது. அதோடு, 19 ஆண்டுகளாக நின்றுபோயிருந்த வசேதா - கெயோ மோதலும் மீண்டும் வந்தது. முதல் ஆட்டத்தில் வசேதா 11-0 என்று கெயோவைச் சாய்த்தது. மாணவராக இருந்தபோது ஒருமுறைகூட கெயோவுக்கு எதிராக ஆட முடியாமல் போன தொபிதா, பயிற்சியாளராக அதையும் பார்த்துவிட்டார்.

புகழின் உச்சியில் இருக்கிற யாராக இருந்தாலும் அங்கேயே உட்கார்ந்திருப்பார்கள். தொபிதா என்ன செய்தார்? வந்த வேலை முடிந்தது என்று பயிற்சியாளர் பொறுப்பை விட்டு விலகினார்.

மட்டைக்குப் பதில் பேனா

அதன்பிறகு அசாஹி நாளிதழில் சேர்ந்து மாணவர் பேஸ்பால் பற்றி எழுதத் தொடங்கினார். கோடைக்காலப் பள்ளிகள் பேஸ்பால் போட்டியை நடத்துவதும் அந்த நாளிதழ்தான். இன்று கோஷியன் என்று உலகம் முழுக்கத் தெரிந்திருக்கும் அந்தப் போட்டியைப் பற்றி ஜப்பானியர்கள் மனதில் இருக்கும் பிம்பத்தை உருவாக்கியதில் தொபிதாவின் எழுத்துக்குப் பெரிய பங்கு உண்டு. தோற்ற பையன்களின் கண்ணீருக்கும் மரியாதை உண்டு என்கிற பார்வை அது.

1936ல் ஜப்பானில் தொழில்முறை லீக் வந்தபோது அவருக்கு அதில் உடன்பாடு இல்லை. காசுக்காக ஆடுவது வேறு, மாணவர் ஆடுவது வேறு என்பதில் கடைசிவரை உறுதியாக இருந்தார்.

பேஸ்பால் எதிரி நாட்டு ஆட்டமானபோது

அமெரிக்காவுடன் போர் மூண்டதும் எல்லாம் தலைகீழானது. பேஸ்பால் எதிரி நாட்டு விளையாட்டு என்று பார்க்கப்பட்டது. ஸ்ட்ரைக், பால் மாதிரியான ஆங்கிலச் சொற்களுக்குப் பதில் ஜப்பானியச் சொற்கள் வந்தன. 1943 வசந்தத்தில் ஆறு பல்கலைக்கழக லீக்கைக் கலைக்கச் சொன்னது கல்வி அமைச்சகம். லீக் கலைந்த பிறகும் வசேதா அணி தொத்சுகா மைதானத்தில் பயிற்சியை நிறுத்தவில்லை. தொபிதா அப்போது அணியின் ஆலோசகர்.

இலையுதிர் காலத்தில் அடுத்த இடி. கல்லூரி மாணவர்களுக்கு ராணுவச் சேவையில் இருந்து இருந்த விலக்கு பெரும்பாலான துறைகளுக்கு நீக்கப்பட்டது. இருபது வயது நிரம்பியவர்கள் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும்.

போகிறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை வசேதாவோடு ஆடிவிட வேண்டும் என்று கெயோ மாணவர்கள் ஆசைப்பட்டார்கள். கெயோவின் தலைவர் கொய்சுமி ஷின்சோ உடனே சம்மதித்தார். தொபிதாவும் வசேதா வீரர்களும் ரெடி. சிக்கல் வசேதா நிர்வாகத்தில் இருந்தது. போர் நேரத்தில் கூட்டம் கூடினால் என்ன ஆகும், ராணுவமும் அரசும் என்ன நினைக்கும் என்று பயந்து அனுமதி தர மறுத்தது. தொபிதா விடவில்லை. கடைசியில் பெரிய ஜிங்கூ ஸ்டேடியத்தில் இல்லாமல், வசேதாவின் சொந்த மைதானத்தில், போருக்குச் செல்லும் மாணவர்களுக்கான வழியனுப்பு ஆட்டமாக அதை நடத்துவது என்று முடிவானது.

கொய்சுமி தனக்குப் போட்ட சிறப்பு இருக்கையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு மாணவர்களோடு போய் உட்கார்ந்தார். ஸ்கோர் 10-1, வசேதா வெற்றி. கெயோ வீரர்கள் பல நாளாகப் பயிற்சி இல்லாமல் இருந்தவர்கள், அதனால் ஆட்டம் ஒருபக்கமாகத்தான் போனது. ஆனா, அன்றைக்கு ஸ்கோர் யாருக்கும் முக்கியமாகப் படவில்லை. ஆட்டம் முடிந்ததும் கெயோவின் பாடலை வசேதா மாணவர்களும், வசேதாவின் பாடலை கெயோ மாணவர்களும் பாடினார்கள். 1906ல் அடித்துக்கொள்ளும் அளவுக்குப் போன அதே இரண்டு கூட்டம்.

ஐந்து நாள் கழித்து, அக்டோபர் 21ல், கொட்டும் மழையில் அரசின் வழியனுப்பு அணிவகுப்பு நடந்தது. மாணவர்கள் துப்பாக்கியோடு நடந்தார்கள். தொத்சுகாவில் ஆடியவர்களில் சிலர் திரும்பி வரவே இல்லை.

புகழும் விமர்சனமும்

போர் முடிந்தபின் மாணவர் பேஸ்பாலை மீண்டும் கட்டியெழுப்பும் வேலையில் தொபிதா முக்கியப் பங்கு வகித்தார். 1959ல் அபேவும், 1960ல் தொபிதாவும் ஜப்பானிய பேஸ்பால் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டார்கள். 1965 ஜனவரி 26 அன்று, 78 வயதில் தொபிதா காலமானார்.

அவர் விட்டுச்சென்றது எல்லாமே நல்லதா? இந்தக் கேள்வி ஜப்பானில் இன்றும் இருக்கிறது. உடம்பு தாங்காத பயிற்சி, கேள்வி கேட்காத கீழ்ப்படிதல், அடி உதை என்று பள்ளி, கல்லூரி அணிகளில் வளர்ந்த கலாசாரத்துக்கு அவருடைய 'மரணப் பயிற்சி'தான் வேர் என்கிறார்கள் விமர்சகர்கள். புகழ்பெற்ற முன்னாள் பிட்சர் குவாதா மசுமி, ஓய்வுக்குப் பிறகு அதே வசேதாவில் முதுகலை படித்து, தொபிதாவின் பேஸ்பால் பாதையை இந்தக் காலத்துக்கு ஏற்ப மாற்ற வேண்டும் என்று ஆய்வே செய்தார்.

அந்த விமர்சனத்தில் நியாயம் இருக்கிறது. அதே சமயம், தொபிதாவைப் பார்த்து வளர்ந்தவர்கள் பலர் கண்டிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, 1943ல் மாணவர்களுக்காக நிர்வாகத்தோடு மல்லுக்கு நின்ற மனிதரை மறந்துவிட்டார்கள் என்பதும் உண்மை. மைதானத்தில் ஈவு இரக்கம் பார்க்காதவர்தான், அந்தப் பையன்கள் நிஜமான மரணத்தை நோக்கிக் கிளம்பியபோது, அவர்கள் கையில் கடைசியாக ஒருமுறை பந்து இருக்க வேண்டும் என்று நினைத்தார்.

தொத்சுகா மைதானத்துக்கு 1949ல், அபே மறைந்த ஆண்டில், அபே மைதானம் என்று பெயர் வைத்தார்கள். 1987ல் அது மூடப்பட்டது. இப்போது அந்த இடத்தில் நிற்பது பல்கலைக்கழக நூலகம். அதன் அருகே இரண்டு சிலைகள் இருக்கின்றன. ஒன்று, போர் வேண்டாம், பேஸ்பால் ஆடுவோம் என்று நினைத்த அபேவுடையது. இன்னொன்று, போர் வந்தபோதும் ஒரு மேட்ச்சை நடத்திக்காட்டிய தொபிதாவுடையது.