குரா நிழல் முனிவர்

சினகாஞ்சி எனப் போற்றப்படும் திருப்பருத்திக்குன்றத்தில், 14ஆம் நூற்றாண்டில் தவமியற்றி வாழ்ந்தவர் மல்லிசேன வாமன முனிவர். வடமொழியும் பிராகிருதமும் செந்தமிழும் கற்றுணர்ந்த அப்பெரியார், நீலகேசிக்குச் சமயதிவாகரம் என்னும் உரை வரைந்தார். விமல தீர்த்தங்கரரின் கணதரர் இருவர்தம் வரலாற்றை மேருமந்தர புராணமாகப் பாடினார்.

அப்புராணத்துள் நெஞ்சைவிட்டு நீங்காதது சத்தியகோடன் கதை. வணிகன் பத்திரமித்திரன் நம்பி ஒப்படைத்த மணிகளை அமைச்சனாகிய அவன் பெறவேயில்லை என மறுத்தான். அரசி இராமதத்தை சூதாடி அவற்றை மீட்டாள். மறுபிறவியில் அவன் அரசனது கருவூலத்திலேயே பாம்பாகப் பிறந்தான். தானும் துய்க்காது, பிறரையும் அணுகவிடாது செல்வத்தின்மேல் சுருண்டு கிடக்கும் பிறவி அது! மிகுபொருள் விரும்பாமையை இதனினும் தெளிவாக விளக்கினார் உளரோ?

பூவுலகின் வளத்தைக் காத்து நுகர்வது பற்றி உலக நாடுகள் ஸ்டாக்ஹோமில் கூடி ஆராய்ந்தது 1972இல்தான். இல்லறத்தார் தம் உடைமைக்குத் தாமே அளவு வகுக்கும் அணுவிரதமோ நமக்குத் தொன்மையானது.

முனிவரின் மாணாக்கர் புட்பசேனர். அவர் சொற்படி விசயநகர அமைச்சர் இருகப்பர் 1387-88இல் இவ்வாலயத்தில் சங்கீத மண்டபம் எழுப்பினார். குருமார் நினைவுப் பீடங்கள் குராமரத்தடியில் உள்ளன. அம்மரம் தன் அளவில் குறைவதுமில்லை, மிகுவதுமில்லை என்பது வழிவழி வந்த நம்பிக்கை.

அருகே ஓடும் வேகவதியோ பட்டுச் சாயக்கழிவும் சாக்கடையும் ஏற்று நலிந்தது. நெசவாளர் பிழைப்பும் வேண்டும், ஆறும் வேண்டும். தரிசனத்திற்குச் செல்லும் நம்மவர் குராவை வணங்கியபின் அந்த ஆற்றங்கரைக்கும் சென்று வருதல் நன்று.