கலைவாணர் கற்பித்த விஞ்ஞானம்

விஞ்ஞானம் என்றதும் நம்முள் பலருக்கு ஆய்வுக்கூடமும், அமிலக் குப்பிகளும், மனப்பாடம் செய்ய வேண்டிய சூத்திரங்களும் நினைவுக்கு வரும். தேர்வு நெருங்கினால் சிறிது நடுக்கமும் வரும். அந்த விஞ்ஞானத்தைப் பாட்டாகப் பாடி, கதையாகச் சொல்லி, கொட்டகை அதிரச் சிரிக்க வைத்து, எழுத்தறியாத பாமர மக்களின் காதில் போட்டவர் ஒருவர் நம் தமிழ்நாட்டில் இருந்தார். அவர் கல்லூரிப் படியை மிதித்தவரல்லர். நான்காம் வகுப்போடு பள்ளிப் படிப்பை முடித்துக் கொண்டவர். அவரே கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன்.

1908-ஆம் ஆண்டு நவம்பர் 29-ஆம் நாள், நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் சுடலைமுத்து, இசக்கியம்மாள் தம்பதியரின் மகனாகக் கிருஷ்ணன் பிறந்தார். அந்நாளில் அப்பகுதி திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்தது. வீட்டில் வறுமை. சிறுவன் நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்கப் போனான். தட்டு கையில் இருந்தது, கண்ணோ மேடையில் இருந்தது. பின்னர் அவரே அந்த மேடையில் ஏறினார். டி. கே. எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் சேர்ந்து நடிப்பையும் பாட்டையும் கற்றார்.

அதற்கும் முன்னால் அவருக்கு வாய்த்த பள்ளிக்கூடம் ஒன்று உண்டு. அது வில்லுப்பாட்டு. தென்பாண்டி நாட்டாருக்கு அதைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. நம் கடற்கரைப் பிள்ளைகளுக்காகச் சிறிது சொல்லுகிறேன். நடுவில் அமர்ந்தவர் வில்லைத் தட்டிக் கதை சொல்லுவார். பக்கத்தில் இருப்பவர் ஆமாம் போடுவார். வெறும் ஆமாம் மட்டுமன்று, இடையிடையே ஒன்றும் தெரியாதவர் போலக் கேள்வியும் கேட்பார். கேட்கும் கூட்டத்துக்கு என்ன ஐயம் எழுமோ, அதைக் கூட்டத்தின் சார்பில் அவரே கேட்டுவிடுவார். பதில் சொல்லும் சாக்கில் கதை விளங்கிவிடும். பிற்காலத்தில் கலைவாணர் திரையில் எதைக் கற்பித்தாலும் இந்த முறையிலேயே கற்பித்தார் என்பது என் எண்ணம்.

1935, 1936-ஆம் ஆண்டுகளில் அவர் திரையுலகில் நுழைந்தார். விரைவிலேயே டி. ஏ. மதுரம் அம்மையார் அவருக்கு நடிப்பிலும் வாழ்விலும் துணையானார். இருவரும் சேர்ந்து நடித்த படங்கள் பல. அவற்றுள் அம்மையார் கேள்வி கேட்பார், மடக்குவார், பல வேளைகளில் வெற்றியும் அவருக்கே. கலைவாணர் முட்டாளாக நிற்பார். பார்ப்பவரை முட்டாளாக்கிச் சிரிப்பது எளிது. தம்மையே முட்டாளாக்கிக் கொண்டு பார்ப்பவரை அறிவாளியாக்குவதற்கு மனம் பெரிதாக இருக்க வேண்டும்.

1944-ஆம் ஆண்டு தீபாவளிக்கு வெளியான ‘ஹரிதாஸ்’ நம் வடசென்னைக்கு அருகிலுள்ள பிராட்வே கொட்டகையில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அதில் எம். கே. தியாகராஜ பாகவதரோடு கலைவாணரும் மதுரமும் நடித்திருந்தனர். அந்தப் படம் ஓடிக் கொண்டிருக்கும்போதே, அவ்வாண்டு டிசம்பரில், லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் பாகவதரும் கலைவாணரும் கைதாயினர். 1945-இல் ஆயுள் தண்டனை விதிக்கப் பெற்றது. பிராட்வேயில் திரையில் தோன்றிச் சிரிப்பூட்டியவர் சிறைக்குள் இருந்தார். மதுரம் அம்மையார் நாடகக் குழுவை நடத்தி, வழக்குக்குப் பொருள் தேடிப் போராடினார். இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்ற வழக்கு மறுபடியும் சென்னை உயர்நீதிமன்றத்துக்கு வந்து, 1947 ஏப்ரலில் இருவரும் குற்றமற்றவர் எனத் தீர்ப்பாயிற்று. ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள் வாழ்வில் போயின. பாகவதரின் புகழ் அதன்பின் பழைய உயரத்தை எட்டவில்லை. கலைவாணரோ வெளியே வந்து முன்னிலும் ஊக்கமாகப் பணிபுரிந்தார். கலைவாணர் என்னும் பட்டம் கிடைத்ததும் அந்த 1947-இலேயே.

அவர் சிறையில் இருந்த நாளில்தான் உலகம் ஒரு பெரிய அதிர்ச்சியைக் கண்டது. 1945 ஆகஸ்டில் ஹிரோஷிமா, நாகசாகி நகரங்களின் மீது அணுகுண்டுகள் விழுந்தன. அதுவரை விஞ்ஞானம் என்ற சொல்லையே கேட்டிராதவர்களும் குண்டைப் பற்றிக் கேட்டார்கள். நாட்டு மக்களுள் பெரும்பாலோருக்கு எழுத்துத் தெரியாது. 1951 மக்கள் கணக்கின்படி இந்தியாவில் எழுத்தறிந்தவர்கள் நூற்றுக்கு 18 பேர். பெண்களுள் 9 பேர் கூட இல்லை. படித்தவர்களுக்காகப் பெ. நா. அப்புசாமி போன்ற பெரியோர் அழகிய தமிழில் அறிவியல் கட்டுரைகள் எழுதி வந்தனர். மற்றவர்களுக்கு யார் சொல்லுவது?

1949-இல் ‘நல்லதம்பி’ வெளிவந்தது. கதை வசனம் அறிஞர் அண்ணா. அதில் விஞ்ஞானத்தை வளர்க்கப் போவதாகக் கலைவாணரும் மதுரமும் பாடும் பாட்டு ஒன்று வருகிறது. எழுதியவர் உடுமலை நாராயண கவி. அணுகுண்டை ஒருபுறம் தள்ளிவைத்துவிட்டு விஞ்ஞானத்தை வளர்ப்போம், மேனாட்டாரையே விருந்துக்கு அழைத்துக் காட்டுவோம் என்று கணவன் வீரம் பேசுகிறான். பொத்தானைத் தட்டினால் இட்டிலியும் காப்பியும் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும் என்ற ஆசையும் அதில் உண்டு. பெரும்பாலான சிற்றூர்களில் மின்விளக்கே இல்லாத காலத்தில் இந்தப் பாட்டைக் கேட்டவர்கள் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள்.

தோழியரே, அந்தச் சிரிப்பில் ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது. அந்நாளில் இட்டிலிக்கு மாவு எப்படி வந்தது? ஆட்டுக்கல்லின் முன் அமர்ந்து நம் பாட்டிமார் தோள் நோக அரைத்தது. அரிசி, உரலில் உலக்கையால் குத்தியது. தண்ணீர், இடுப்பில் குடமாக வந்தது. விஞ்ஞானம் என்பது வானத்தை எட்டுவது மட்டுமன்று, அடுப்படியில் ஒரு பெண்ணின் சுமையைக் குறைப்பதும் அதுவே என்ற கருத்தைப் பாட்டு வழியே சபையில் வைத்துவிட்டார்கள். ஐம்பதுகளில் கோயம்புத்தூரில் மின்சாரத்தால் சுழலும் ஆட்டுக்கல் உருவாயிற்று. பாட்டைக் கேட்டுத்தான் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மக்கள் மனத்தில் அந்த ஆசையை முன்னரே விதைத்தவர்களுள் கலைவாணரும் ஒருவர்.

அதே படத்தில் ‘கிந்தனார்’ காலட்சேபம் வருகிறது. கோபாலகிருஷ்ண பாரதியார் பாடிய நந்தனார் சரித்திரத்தின் மெட்டையும் முறையையும் எடுத்துக் கொண்டு, கலைவாணர் பாகவதர் வேடமிட்டுக் கதை சொல்லுகிறார். நந்தனுக்குச் சிதம்பரம் போக ஆசை. ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்த கிந்தனுக்கோ படிப்பின் மேல் ஆசை. எத்தனையோ தடைகளை மீறிப் பட்டணத்துக்கு ரயிலேறிச் சென்று படித்து முன்னேறுகிறான். அந்த ரயிலைக் கலைவாணர் வருணிக்கும்போது சக்கரம் சுழல்வதும் புகை எழுவதும் நம் முன் தெரிகின்றன. உயர்ந்தவர், தாழ்ந்தவர் என்று ஊர் பிரித்து வைத்தவர்களை ஒரே வண்டியில் ஏற்றிப் பேதத்தை ஒழித்த ரயில் என்று அதைப் புகழ்கிறார். நீராவி எந்திரத்தின் வேலையை விளக்கப் புத்தகங்கள் உண்டு. அது மனிதருக்கு மனிதர் தீண்டாமையைத் தீர்க்கும் வேலையும் செய்தது என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

இராயபுரத்தார் இதைப் படிக்கும்போது பெருமைப்படலாம். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை முதல் நாள் நம் இராயபுரம் நிலையத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிற்று. கிந்தன் ஏறிய வண்டிக்கும் நம் தெருவுக்கும் உறவு இருக்கிறது!

கலைவாணர் வழியிலேயே நானும் ஒன்று சொல்லிப் பார்க்கிறேன். இட்டிலிப் பானையில் நீர் கொதிக்கும்போது மூடி தடதடவென்று ஆடுகிறதே, ஏன்? நீர் ஆவியாகும்போது ஆயிரம் மடங்குக்கு மேல் இடம் கேட்கிறது. இடம் கிடைக்காவிட்டால் தள்ளுகிறது. மூடியைத் தள்ளும் அந்த ஆவியை உருளைக்குள் அடைத்துத் தண்டைத் தள்ளச் செய்தால், ரயில் ஓடும். சுழலியின் அலகுகளின் மேல் பாயச் செய்தால், மின்சாரம் பிறக்கும். ஆக, இட்டிலியை வேகவைக்கும் ஆவியும், கிந்தனைப் பட்டணம் சேர்த்த ஆவியும், எண்ணூர் அனல்மின் நிலையத்தில் 1970 முதல் 2017 வரை சுழலியைச் சுற்றிய ஆவியும் ஒரு தாய்ப் பிள்ளைகள். பொத்தானைத் தட்டினால் இட்டிலி வரவேண்டும் என்று பாடினார்களே, அந்தப் பொத்தானுக்கு மறுமுனையில் நம் எண்ணூர் இருந்தது.

இங்கே கலைவாணர் பாடாத ஒன்றையும் நாம் சேர்த்துச் சொல்ல வேண்டும். பொத்தானுக்கு மறுமுனையில் நிலக்கரி எரிகிறது. கரி எரிந்தால் சாம்பல் மிஞ்சுகிறது. கொசஸ்தலையாறு கடலோடு கலக்கும் முகத்துவாரக்குப்பத்தில் வலை வீசுவோருக்கு அந்தச் சாம்பலைப் பற்றி யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. சேற்றில் கால் வைத்தாலே தெரியும். 1949-இல் எந்திரத்தின் நன்மை மட்டும் கண்ணில் பட்டது இயல்பே. ஆயினும் அணுகுண்டைத் தள்ளிவைத்துவிட்டு விஞ்ஞானத்தை வளர்ப்போம் என்றார்களே, அந்த ஓரடியில் கலைவாணர் பாதை காட்டிவிட்டார் என்றே கருதுகிறேன். எதை வளர்ப்பது, எதைத் தள்ளுவது என்று பாமரனும் கேட்கலாம் என்று அவர் சொல்லாமற் சொன்னார்.

2023 டிசம்பரில் எண்ணூர் இரண்டு துன்பங்களைக் கண்டது. புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கழிமுகமெங்கும் படர்ந்தது. மாதக் கடைசியில் ஒரு நள்ளிரவு, கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, மக்கள் குழந்தைகளைத் தூக்கிக் கொண்டு ஓடினர். அமோனியா தண்ணீரில் மிக எளிதாகக் கரையும். ஆதலால் நனைத்த துணியால் மூக்கையும் வாயையும் மூடிக் கொள்ள வேண்டும். காற்று போகும் திசையிலேயே ஓடாமல் அதற்குக் குறுக்காக விலகிப் போக வேண்டும். இவ்வளவுதான் செய்தி. இதை ஒரு வேடிக்கைப் பாட்டாகக் கட்டிக் குப்பத்துத் திருவிழாவில் பாட ஒருவர் இருந்திருந்தால், அந்த இரவில் எத்தனை பேருக்கு நினைவு வந்திருக்கும்! கலைவாணரை எண்ணி நான் ஏங்குவது இத்தகைய இடத்தில்தான்.

இலண்டனில் மைக்கேல் ஃபாரடே ஒரு மெழுகுவர்த்தியைக் கொளுத்தி வைத்துக் கொண்டு சிறுவர்களுக்கு வேதியியல் சொன்னார் என்று படிக்கிறோம். கலைவாணர் கையில் எடுத்தது சம்பளக் கவரை. 1955-இல் வந்த ‘முதல் தேதி’ படத்தில், மாதத்தின் முற்பகுதி கொண்டாட்டமாகவும் கடைசி நாட்கள் திண்டாட்டமாகவும் கழிவதை அவர் பாடினார். துறைமுகத்திலும் ஆலைகளிலும் உழைத்த குடும்பங்களுக்கு அது கணக்குப் பாடமன்றி வேறென்ன? மறு ஆண்டு ‘ராஜா ராணி’யில் சிரிப்பையே ஆராய்ச்சிப் பொருளாக்கினார். தாவரவியலார் இலைகளை வகை பிரிப்பது போல, மனிதர் சிரிக்கும் விதங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி, தாமே சிரித்தும் காட்டினார். உற்று நோக்கல், வகைப்படுத்தல், செய்து காட்டல் ஆகிய மூன்றும் அதில் உண்டு. நம் செய்முறை ஏட்டில் எழுதுவதும் இவற்றைத்தானே!

நடிப்போடு நில்லாமல் ‘மணமகள்’, ‘பணம்’ முதலிய படங்களை இயக்கவும் செய்தார். ‘மணமகள்’ வெளிவந்த 1951-இல் சோவியத் நாட்டுக்கும் சென்று வந்தார். ஈட்டிய பொருள் அவர் கையில் தங்கவில்லை. கேட்டவருக்கெல்லாம் கொடுத்தார். கொடுத்துக் கொடுத்தே கரைந்தது. கடைசி நாட்களில் நோயும் பணமுடையும் சேர்ந்து கொண்டன. 1957 ஆகஸ்டு 30-ஆம் நாள் சென்னையில் காலமானார். அப்போது அவருக்கு வயது 48 தான்.

1969 ஜனவரியில், தியாகராயநகரில் கலைவாணரின் சிலையை முதலமைச்சராயிருந்த அறிஞர் அண்ணா திறந்து வைத்தார். கடும் நோயுற்றிருந்த நிலையிலும் தம் நண்பருக்காக வந்தார். அண்ணா கலந்து கொண்ட கடைசிப் பொது நிகழ்ச்சி அதுவே. சேப்பாக்கம் வாலாஜா சாலையில் கலைவாணர் அரங்கம் இருக்கிறது. இப்போதுள்ள கட்டடம் 2016-இல் திறக்கப் பெற்றது. அங்கு முன்பிருந்த பழைய அரங்கம், அவர் பெயரைத் தாங்குவதற்கு முன்னர், சிறுவர் சிறுமியருக்குப் படம் காட்டும் பாலர் அரங்கமாக இருந்தது.