அதிர்வை அடக்கிய அறிஞர் லான்செஸ்டர்

திரிகூடமலையில் சாரல் விழத் தொடங்கிவிட்டால் தென்காசி நகர்க்கு உறக்கம் குறைந்துவிடும். புகைவண்டி நிலையத்தினின்றும் பேருந்து நிலையத்தினின்றும் குற்றாலத்துப் பேரருவிக்கும் ஐந்தருவிக்கும் செல்வோர் இரவும் பகலும் வந்தவண்ணம் இருப்பர். அவரை ஏற்றிச் செல்லும் வாடகை வண்டிக்காரர் பலர்க்கு அவ்விரண்டு மூன்று திங்களின் வருவாயே ஆண்டு முழுமைக்கும் கைகொடுப்பதாகும். என் தந்தையார் அவருள் ஒருவர். சென்ற ஆண்டு ஆனித் திங்களில், சாரல் தொடங்கிய அதே வாரத்தில், அவரது டீசல் வண்டியின் எஞ்சின் முன்புறத்தே கடகடவென ஒலிக்கலாயிற்று. பெல்ட் கீச்சிட்டது. பெல்ட்டை மாற்றியும் பயனில்லை; மூன்றாம் நாள் புதுப் பெல்ட்டும் நழுவி விழுந்தது. வண்டியிலிருந்த குடும்பத்தினரை வேறொரு வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு, தந்தையார் தம் வண்டியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வீடு சேர்ந்தார்.

தொழிற்பயிற்சி நிலையத்தில் பயின்ற என் தமையனார் வீட்டு முற்றத்திலேயே அதனைப் பிரிக்கத் தொடங்கினார். வண்டியை ஜாக்கியால் உயர்த்தி, ஜாக்கியை மட்டும் நம்பாது உறுதியான தாங்கிகளை அடியில் நிறுத்தி, வலப்புறத்து முன்சக்கரத்தைக் கழற்றிப் பெல்ட்டைத் தளர்த்தினார். கிராங்குத் தண்டு சுழலாதவாறு பூட்டிய பின்னரே அதன் முனையிலிருந்த பெரிய போல்ட்டைத் திருகினார். அப்போல்ட் கப்பியை மட்டுமன்றி, உள்ளிருக்கும் பற்சக்கரத்தையும் அழுத்திப் பிடித்திருக்கின்றது என்றும், சில டீசல் எஞ்சின்களில் அப்பற்சக்கரம் சிறிது இடம் பெயர்ந்தாலும் வால்வுகள் பிஸ்டனில் மோதி எஞ்சினே பாழாகும் என்றும் அவர் கூறக் கேட்டு அஞ்சினேன்.

கழன்று வந்த கப்பியைக் கையில் ஏந்திப் பார்த்தேன். மெக்கானிக்குகள் கிராங்க் புல்லி என்று வழங்கும் அதனை ஒரே இரும்பென்று யான் எண்ணியிருந்தேன். அதுவோ நடுவே ஒரு குடமும், புறத்தே கனத்ததோர் வளையமும், அவ்விரண்டையும் பிணைக்கும் ரப்பர்ப் பட்டையுமாக மூன்று உறுப்புக்களை உடையதாயிருந்தது. எஞ்சினின் வெப்பத்தாலும் எண்ணெய்க் கசிவாலும் ரப்பர் வெடித்திருந்தமையின் வளையம் கோணி ஆடிற்று. ரப்பரால் அன்றோ இத்தொல்லை. ரப்பரே இன்றி இரும்பில் வார்த்த கப்பியொன்றைக் குறைந்த விலைக்கு வாங்கி மாட்டலாகாதா என்று தந்தையார் வினவினார். பருவ வருவாய் கைவிட்டுப் போகின்ற வேளையில் அவர் அங்ஙனம் வினவியது இயல்பே. தமையனார் இசைந்தாரில்லை. அந்த ரப்பரை நீக்கினால் ஒருநாள் கிராங்குத் தண்டே முறியக்கூடும் என்றார். இரண்டு நாள் காத்திருந்து, உரிய கப்பியையும் புதிய போல்ட்டையும் வருவித்து, குறித்த அளவு இறுக்கி, அதன்மேல் குறித்த கோணமும் திருப்பிப் பணியை முடித்தார். அன்று மாலையே வண்டி குற்றாலம் சென்றது.

இரும்புத் தண்டு முறியாவண்ணம் ஒரு ரப்பர்ப் பட்டை காப்பது எங்ஙனம்? இவ்வாறு காக்கலாமென முதற்கண் எண்ணியவர் யாவர்? முன்னைய வினாவிற்குத் தமையனார் ஒருவாறு விடை தந்தார். பின்னையதற்கு அவரிடமும் விடையில்லை. கல்லூரி திறந்தபின் யான் நூல்களில் தேடிக் கண்ட பெயரே பிரடெரிக் வில்லியம் லான்செஸ்டர் என்பது. அப்பெரியாரின் வாழ்வை ஈண்டுச் சுருங்க உரைப்பேன்.

லான்செஸ்டர் 1868-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 23-ஆம் நாள் இலண்டன் மாநகரில் பிறந்தார். தந்தையார் கட்டடக் கலைஞர். அன்னையார் மாணவர்க்குப் பாடஞ் சொல்லும் ஆசிரியை. மக்கள் எண்மருள் இவர் நான்காமவர். சௌதாம்ப்டன் நகரத்து ஹார்ட்லி கல்விநிலையத்தில் பயின்று, உதவிப்பொருள் பெற்று இலண்டனில் அறிவியல் கற்றார். எனினும் பட்டம் ஏதும் பெறாமலே கல்லூரியை விட்டு வெளியேறினார். தேர்வுக்கென்றே கற்கும் நம்மனோர்க்கு இச்செய்தி வியப்பளிக்கும். பட்டமில்லா இவருக்கே பிற்காலத்தில், 1919-இல், பர்மிங்காம் பல்கலைக்கழகம் மதிப்புறு டாக்டர் பட்டம் வழங்கியது. 1922-இல் இராயல் சொசைட்டி இவரைத் தன் உறுப்பினராக ஏற்றுக்கொண்டது.

கல்வி முடிந்தபின் சிறிது காலம் காப்புரிமைப் படங்கள் வரைந்து கொடுத்து வந்த இவர், பர்மிங்காம் நகரைச் சார்ந்த சால்ட்லியில் வாயு எஞ்சின்கள் செய்யும் தொழிற்சாலையொன்றில் துணை மேலாளராக அமர்ந்தார். வாரத்திற்கு ஒரு பவுன் ஊதியம். பணியில் இருக்குங்கால் தொழிலாளி கண்டுபிடிப்பன யாவும் தொழிற்சாலைக்கே உரியனவென்று உடன்படிக்கையில் ஒரு விதி இருந்தது. கையொப்பமிடுமுன் இளைஞர் லான்செஸ்டர் அவ்விதியை அடித்துவிட்டார். அவ்வாறு செய்தமையால், எஞ்சினின் வேகத்தைச் சீராக்குதற்கு அவர் அமைத்த கருவிக்கு உரிமைப்பணம் அவர்க்கே வந்து சேர்ந்தது. தம் அறிவைத் தாமே மதியாதவனைப் பிறர் மதிப்பாரோ?

1896-ஆம் ஆண்டில் தாமே திட்டமிட்டுச் சமைத்த முதல் மோட்டார் வண்டியை அவர் சாலையில் ஓட்டினார். அக்காலத்து வண்டிகள் பலவும் குதிரையை அவிழ்த்துவிட்டு எஞ்சினைப் பொருத்திய கோச்சுவண்டிகளே. லான்செஸ்டரோ வண்டி முழுவதையும் ஒன்றாகக் கருதி முதலிலிருந்தே எண்ணி அமைத்தார். அவர் உள்ளத்தை மிகவும் உறுத்தியது எஞ்சினின் அதிர்வு. ஆதலின் அடுத்து அமைத்த எஞ்சினில், ஒன்றற்கொன்று எதிராகச் சுழலும் கிராங்குத் தண்டுகள் இரண்டனை வைத்து, ஒன்றன் ஆட்டத்தை மற்றொன்று அழிக்குமாறு செய்தார். 1899-இல் தம் உடன்பிறந்தாரின் துணையோடு லான்செஸ்டர் எஞ்சின் கம்பெனி தொடங்கப் பெற்றது. பம்பாயிற் பிறந்த ஆங்கில எழுத்தாளர் கிப்ளிங் அவ்வண்டியை விரும்பி வாங்கினார். நவாநகர் மன்னர் ரஞ்சித்சிங், ஆல்வார் மன்னர் முதலிய இந்திய அரசரும் பிற்காலத்தில் லான்செஸ்டர் வண்டிகளில் உலா வந்தனர். ஆயினும் வண்டி சிறந்ததே தவிர வாணிபம் சிறக்கவில்லை. 1904-இல் கம்பெனி கடனில் ஆழ்ந்து, பின்னர்ப் புதுப்பிக்கப் பெற்றது.

நிற்க. 1909-ஆம் ஆண்டில் டைம்லர் கம்பெனி இவரைத் தன் ஆலோசகராக அமர்த்திக்கொண்டது. அக்கம்பெனியின் ஆறு சிலிண்டர் எஞ்சின்களில் கிராங்குத் தண்டுகள் தொல்லை விளைத்தன. பருத்த எஃகுத் தண்டு ஏன் முறிதல் வேண்டும்? குற்றாலத்தில் நீராடியோர் ஈரத் துண்டைப் பிழியுங்கால் ஒரு முனையை ஒருபுறமும் மறுமுனையை மறுபுறமும் திருக்குவதைக் கண்டிருப்பீர்கள். கிராங்குத் தண்டும் அவ்வாறே, கண்ணுக்குப் புலனாகாத அளவில், முறுக்குண்டு மீள்கின்றது. சிலிண்டருக்குள் எரிபொருள் எரியுந்தோறும் பிஸ்டன் தண்டை ஓங்கி அறைகின்றது. தண்டின் மறுமுனையிலுள்ள கனத்த சக்கரமோ உடனே விரையாது பின்வாங்குகின்றது. இடையிலுள்ள தண்டு முறுக்குண்கின்றது. ஊஞ்சலை அதன் ஆட்டத்திற்கு இசையத் தள்ளினால் சிறு கையும் அதனை உயரப் பறக்கச் செய்யும். அதுபோல, எஞ்சின் ஏதேனும் ஒரு வேகத்தில் ஓடுங்கால் அறைகளின் தாளமும் தண்டின் இயற்கையான முறுக்கு ஆட்டத்தின் தாளமும் ஒன்றுபட்டுவிடின், முறுக்கு மேன்மேலும் வளர்ந்து எஃகும் களைத்து முறிகின்றது.

தண்டை மேலும் பருமனாக்குக என்று பிறர் எண்ணியிருப்பர். லான்செஸ்டர் வேறு வழி கண்டார். 1910-இல் அவர் காப்புரிமை பெற்ற அமைப்பு இது: தண்டின் முன்முனையில் சிறியதொரு கனத்த சக்கரத்தை வைத்தார், ஆனால் அதனைத் தண்டோடு இறுகப் பிணைத்தாரில்லை. எண்ணெயில் தோய்ந்த தட்டுக்களின் உராய்வே அவ்விரண்டிற்கும் உறவு. தண்டு சீராகச் சுழலுங்கால் சக்கரமும் உடன் சுழலும். தண்டு வெட்டி இழுக்குங்கால், திடீரென நின்ற பேருந்தில் நிற்பவர் உடல் முன்னோக்கியே செல்வதுபோல, சக்கரம் தன் பழைய வேகத்திலேயே செல்ல முயலும். அப்போது தட்டுக்கள் ஒன்றோடொன்று உராய்ந்து, அதிர்வின் ஆற்றல் வெப்பமாக மாறிக் கழிந்துபோகும். ராய்ஸ் என்பாரும் அக்காலத்தே தம் வண்டிக்கு இத்தகையதொன்றை அமைத்திருந்தார். எனினும் அதிர்வியல் பயிலும் மாணவர் இன்றும் இவ்வகை அடக்கியை லான்செஸ்டர் பெயராலேயே வழங்குகின்றனர்.

எண்ணெய்த் தட்டுக்களின் இடத்தில் பின்னர் ரப்பர் வந்தது. எங்கள் முற்றத்தில் யான் கண்ட வளையமே அச்சிறு சக்கரம். வெடித்த ரப்பரே அவ்வுராய்வு. பெட்ரோல் எஞ்சினைவிட டீசல் எஞ்சினில் காற்று மிகுதியாக அழுத்தப்படுகின்றது. பிஸ்டனின் அறையும் வலிது. 1936-இல் மெர்சிடிஸ் பென்ஸ் கம்பெனி டீசல் வண்டியை விற்பனைக்குக் கொணர்ந்த காலத்தும் லான்செஸ்டர் உயிருடன் இருந்தார். இரும்புக் கப்பி போதுமென்ற தந்தையாரின் வினாவிற்கு, ஏறக்குறைய நூறாண்டுகளுக்கு முன்னரே அவர் விடை எழுதி வைத்திருந்தார் எனலாம்.

அவர்தம் அறிவு மோட்டார் வண்டியோடு நின்றதன்று. இன்று டிஸ்க் பிரேக் என வழங்கும் தட்டுத் தடைக்கு 1902-லேயே காப்புரிமை பெற்றார். தண்டின் வேகத்தைப்போல் இருமடங்கு வேகத்தில் எதிரெதிராகச் சுழலும் இரு சிறு தண்டுகளால் நான்கு சிலிண்டர் எஞ்சினின் குலுக்கலை அடக்கும் வழியும் அவர் கண்டதே. பறவையின் சிறகும் பறக்கும் பொறியும் காற்றில் எங்ஙனம் தாங்கப்படுகின்றன என்பதை ஆராய்ந்து 1897-இல் அவர் எழுதிய கட்டுரையை இராயல் சொசைட்டி ஏற்க மறுத்தது. மனம் தளராது, 1907-லும் 1908-லும் இரு பெருநூல்களாக அக்கருத்தை விரித்து எழுதினார். ஜெர்மனியின் பிராண்டல் முதலிய அறிஞர் அதனைக் கணிதத்தால் வளர்த்தனர். போரில் படையின் வலிமை எண்ணிக்கையின் வர்க்கத்தைப் பொறுத்து வளரும் என்று அவர் வகுத்த விதியையும் படைநூலார் இன்றும் கற்கின்றனர்.

1919-ஆம் ஆண்டில், தம் ஐம்பதாம் வயதில், குருவானவர் ஒருவரின் மகளாகிய டாரத்தியா கூப்பரை மணந்தார். அவர்கட்கு மக்கட்பேறு இல்லை. 1925-இல் தொடங்கிய ஆய்வுக்கூடமும் நிலைக்கவில்லை. முப்பதுகளின் இடைப்பகுதியில் அவரை நடுக்கு நோய் பற்றியது. பார்க்கின்சன் நோய் என்பர். எத்துணையோ எஞ்சின்களின் நடுக்கத்தை ஒழித்தவரின் கை நடுங்கலாயிற்று. அதற்கொரு வளையம் அவரிடம் இல்லை. பார்வையும் மங்கிற்று. பொருளும் குன்றிற்று. மோட்டார்த் தொழிலார் திரட்டி வைத்திருந்த அறநிதியின் உதவியாலேயே தம் வீட்டில் தொடர்ந்து வாழ இயன்றது. 1946-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 8-ஆம் நாள் பர்மிங்காமில் அவ்வீட்டிலேயே உயிர் நீத்தார். பின்னர்க் கவென்ட்ரி நகரத்துத் தொழிற்கல்லூரிக்கு அவர் பெயர் இடப்பட்டது. இந்நாள் கவென்ட்ரி பல்கலைக்கழகமாக விளங்கும் அதன் நூலகம் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

மாணவ அன்பர்களே! விரைந்து செல்லும் வண்டியைக் கண்டு வியப்பவர் பலர். அது முறியாமற் செல்லுதற்கு உள்ளே மறைந்து உழைக்கும் உறுப்பினை நினைப்பவர் சிலரே. அதனை எண்ணிக் கண்டவரை நினைப்பவர் அவரினும் சிலர். அவ்வுறுப்பு செவ்வனே பணிபுரியுங்கால் யாதொரு ஒலியும் எழுவதில்லை. பழுதுற்ற பின்னரே அஃது இருந்தது தெரிய வருகின்றது. இவ்வாறு ஓசையின்றிப் பிறரைக் காப்போர் நம் இல்லங்களிலும் இல்லாமல் இல்லை. முற்றத்து மண்ணில் மல்லாந்து கிடந்து, இரண்டு நாள் வருவாயினும் வண்டியின் உயிரே பெரிதென்று தந்தையாரிடம் பணிவோடு வாதிட்ட என் தமையனாரை நினைக்கின்றேன். இவ்வாண்டும் சாரல் வரும். எங்கள் வண்டி தென்காசிக்கும் குற்றாலத்திற்குமாக இரவும் பகலும் ஓடும். அதன் முன்புறத்தே ஒலி ஒன்றும் கேளாதாயின், லான்செஸ்டரை நன்றியோடு நினைப்பேன்.