மாக்சிம் கோர்க்கி: ‘தாய்’ நாவலின் ஆசிரியர்

தாயன்பைப் பொருளாகக் கொண்ட உலக நாவல்களுள் ‘தாய்’ குறிப்பிடத்தக்கது. இதனை எழுதியவர் ரஷ்ய எழுத்தாளர் மாக்சிம் கோர்க்கி ஆவார். ஒரு தாயின் உள்ளத்தை இத்துணை உருக்கமாகத் தீட்டிய இவர், தமது சொந்தத் தாயின் அரவணைப்பைச் சிறிதளவே பெற்றவர் என்பது மாணவர்கள் மனங்கொள்ள வேண்டியதாகும்.

இளமைக் காலம்

கோர்க்கி 1868 மார்ச் 28 இல் வோல்கா நதிக்கரையிலுள்ள நிஸ்னி நொவ்கொரொட் நகரில் பிறந்தார். இயற்பெயர் அலெக்சி பெஷ்கோவ். மூன்று வயதில் இவரைக் கொலரா நோய் பற்றியது. பராமரித்த தந்தையையும் அந்நோய் தொற்றியது. மகன் பிழைத்தான், தந்தை 1871 இல் இறந்தார்.

பின்னர் தாய் வர்வாரா, மகனைத் தன் பெற்றோர் வீட்டில் விட்டு மறுமணம் செய்துகொண்டார். பாட்டனார் சாயத் தொழில் செய்தவர்; கடுமையானவர்; பேரனைப் பிரம்பால் அடித்தவர். அவ்வீட்டில் சிறுவனுக்கு நிழலாக இருந்தவர் பாட்டி அக்குலினா. அவர் கூறிய நாட்டார் கதைகளே கோர்க்கியின் முதற் பாடசாலை எனலாம்.

1879 இல் தாயும் காசநோயால் இறந்தார். பதினொரு வயதுச் சிறுவன் உழைத்துப் பிழைக்க அனுப்பப்பட்டான். சப்பாத்துக் கடையில் ஏவலாளாகவும், நீராவிக் கப்பலில் பாத்திரம் கழுவுபவராகவும் வேலை செய்தார். கப்பலின் சமையற்காரர் ஒருவர் இவரை வாசிப்பில் ஈடுபடுத்தினார். 1887 இல் பாட்டி இறந்த செய்தி, கசான் நகரிலிருந்த இவருக்கு அடக்கம் முடிந்த பின்னரே கடிதமூலம் கிடைத்தது.

எழுத்துப் பணி

1892 இல் முதற் சிறுகதை வெளிவந்தது. அப்போது மாக்சிம் கோர்க்கி என்ற புனைபெயரைச் சூடிக்கொண்டார். மாக்சிம் என்பது இறந்த தந்தையின் பெயர். கோர்க்கி என்பதற்குக் கசப்பானவன் என்பது பொருள்.

‘தாய்’ பிறந்த கதை

1902 மே தினத்தன்று சொர்மோவோ என்ற ஆலைப் பகுதியில் தொழிலாளர் ஊர்வலம் நடைபெற்றது. செங்கொடி ஏந்திச் சென்ற பியோத்தர் சலோமொவ் கைதாகிச் சைபீரியாவுக்கு நாடுகடத்தப்பட்டார். அவரும் அவருடைய தாய் அன்னாவுமே நாவலின் முக்கிய பாத்திரங்களுக்கு மூலமாயினர்.

1905 புரட்சியின்போது சிறைப்பட்டு விடுதலையான கோர்க்கி, 1906 இல் அமெரிக்கா சென்று அங்கே நாவலை எழுதத் தொடங்கினார். அவ்வாண்டு ஓகஸ்டில், தாயகத்திலிருந்த அவருடைய ஐந்து வயது மகள் கத்யா மூளைக்காய்ச்சலால் இறந்தாள். மகளின் முகத்தை இறுதியாகக் காணவும் அவரால் இயலவில்லை. பிள்ளையைப் பிரிந்த தாயின் கதையை, பிள்ளையை இழந்த தந்தை எழுதி முடித்தார். 1906, 1907 ஆம் ஆண்டுகளில் அது அமெரிக்கச் சஞ்சிகையொன்றில் ஆங்கிலத்தில் தொடராக வெளிவந்தது.

நாவலின் தாய் பெலகேயா நிலோவ்னா, கணவனின் அடிக்கு அஞ்சி வாழ்ந்தவள். கணவன் இறந்தபின் மகன் பாவெல் தடைசெய்யப்பட்ட நூல்களை வாசிப்பது கண்டு நடுங்குகிறாள். அவன் சிறைப்பட்டதும், அவன்மீது சந்தேகம் விழாதிருக்க, உணவு விற்பவளாய் ஆலைக்குள் துண்டுப்பிரசுரங்களைக் கொண்டு செல்கிறாள். இறுதியில், மகனின் நீதிமன்ற உரையை மக்களிடம் சேர்க்க முயன்று புகையிரத நிலையத்தில் பிடிபடுகிறாள். ஒரு மகன்மீது கொண்ட பாசம் எல்லோர் பிள்ளைகள்மீதும் விரிவதே நாவலின் உயிர்நாடி.

இறுதிக் காலம்

1913, 1914 ஆம் ஆண்டுகளில் தமது குழந்தைப் பருவத்தை நூலாக எழுதிய கோர்க்கி, அதில் பாட்டியை அழியாத பாத்திரமாக்கினார். 1934 இல் மகன் மாக்சிமையும் இழந்தார். 1936 யூன் 18 இல் காலமானார். ‘தாய்’ நாவலைத் தொ. மு. சி. ரகுநாதன் தமிழில் மொழிபெயர்த்தார்.

பயிற்சி வினாக்கள்

1. கோர்க்கியின் இயற்பெயர் யாது? புனைபெயரை விளக்குக.
2. கோர்க்கியின் வாழ்வில் பாட்டி பெறும் இடம் யாது?
3. நிலோவ்னாவின் அச்சம் துணிவாக மாறியமைக்கான காரணத்தை விளக்குக.