உறைந்த ஆற்றின் மீது இப்னு பதூதா

உலகப் பயணியருள் தலைசிறந்தவராகப் போற்றப்பெறும் இப்னு பதூதா, 1304-ஆம் ஆண்டில் மொராக்கோவின் கடற்கரை நகராகிய தாஞ்சியரில், காழிகளைத் தந்த குடும்பமொன்றில் பிறந்தார். 1325-இல், இருபத்தொரு வயதில், ஹஜ்ஜை நாடித் தனியராகப் புறப்பட்டவர் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நாடு பல சுற்றினார். அவர் நம் மதுரைக்கும் வந்தவர் என்பதை நாம் அறிவோம். ஆனால் இந்திய மண்ணை மிதிக்குமுன்னரே, வெம்மையில் வளர்ந்த அவருடலைக் கடுஞ்சோதனைக்கு உள்ளாக்கியது வோல்கா ஆற்றுப் பனிநிலம்.

1330-களின் முற்பகுதியில் அவர் கிப்சாக் நாட்டை ஆண்ட உஸ்பெக் கானின் அவையை அடைந்தார். கானின் துணைவியருள் ஒருவர் பைசாந்தியப் பேரரசரின் மகள். தாயகம் சென்ற அவ்வரசியாரின் பரிவாரத்தோடு கான்ஸ்டாண்டிநோபிள் சென்று, ஒரு மாதத்திற்கு மேல் தங்கினார். அரசியார் தந்தையிடமே தங்கிவிட விரும்பவே, நம் பயணி நடுக்குளிர்காலத்தில் வடபுலம் திரும்ப நேர்ந்தது.

அக்குளிருக்கு அவர் பூண்ட கோலம் வியப்புக்குரியது. மேலே மயிர்த்தோல் அங்கிகள் மூன்று. கீழே கால்சட்டைகள் இரண்டு. காலில் கம்பளிக் காலணி, அதன்மேல் உள்துணி வைத்துத் தைத்த காலணி, அதற்கும்மேல் கரடித்தோலை உள்ளே வைத்த குதிரைத்தோல் காலணி. இத்தனையும் அணிந்தபின் அவரால் தாமாகக் குதிரையேற இயலவில்லை. தோழர்களே தூக்கிச் சேணத்தில் அமர்த்தினர்.

நீரால் உடலுக்குத் தீங்கு நேருமென அஞ்சுவோர்க்குத் தயம்மும் என்னும் சலுகை உண்டென்பதை மாலிக்கீ சட்டம் கற்ற அவர் அறியாதவரல்லர். ஆயினும் நெருப்பருகே அமர்ந்து வெந்நீரால் உளூச் செய்தார். முகம் கழுவிய நீர் தாடியில் வழிந்து அங்கேயே உறைந்தது. உதறினால் பனித்துகளாக உதிர்ந்தது. குடிக்கவும் சமைக்கவும் பனிக்கட்டியை வெட்டிக் கொப்பரையிலிட்டு உருக்கினர்.

இன்று அஸ்திரகான் எனப்படும் ஹாஜ் தர்கானில், உறைந்த வோல்காவே நெடுஞ்சாலை. ஆயிரக்கணக்கான சுமை வைக்கோலைப் பரப்பி, அதன்மேல் வண்டியோட்டினர் அவ்வூரார். குளிர்காலத்தின் இறுதியில் பனி உடைந்து மூழ்கி மாண்டோரும் உண்டு. அவ்வாற்றின் மீதே மூன்று நாள் பயணம் செய்து சராய் நகரை அடைந்தார் இப்னு பதூதா.

பின்னாளில் தில்லியிலும் மாலத்தீவிலும் காழியாக வீற்றிருந்தவர் அவர். 1355-இல், மரீனிய சுல்தான் அபூ இனானின் கட்டளைப்படி, அவர் சொல்லச்சொல்ல இப்னு ஜுஸை வடித்த ரிஹ்லா நிறைவுற்றது. பிறர் தம்மைக் குதிரைமேல் தூக்கி வைத்ததையும் அப்பெருமகனார் அதில் மறைக்கவில்லை. அயல்நிலம் புகுவோர் அம்மண்ணின் மக்கள் உடுப்பதை உடுக்கவும், அவர்கள் செல்லும் வழியே செல்லவும், உதவி வேண்டுமிடத்துக் கை நீட்டவும் கற்க வேண்டும். அத்தனையும் கற்றபின்னும் தம் கடமையை அவர் கைவிடவில்லை. கல்விக்காகவும் பணிக்காகவும் கடல் கடக்கவிருக்கும் நம் மாணவச் செல்வங்கள் உடன்கொண்டு செல்லத்தக்க கட்டுச்சோறு இது.