உருக்குமாபாய் அம்மையார்

அறியாப் பருவத்தில் பெரியோர் முடித்த மணம், அறிவு முதிர்ந்தபின் ஒருவரைப் பிணிக்குமோ? இவ்வினாவை நீதிமன்றத்தில் எழுப்பியவர் உருக்குமாபாய் அம்மையார். 1864-ஆம் ஆண்டு பம்பாயிற் பிறந்த இவரைப் பதினோராம் வயதில் தாதாஜி என்பாருக்கு மணம் செய்து கொடுத்தனர். எனினும் இவர் தாய்வீட்டிலேயே தங்கிக் கல்வி பயின்றார். 1884-இல் கணவர் வழக்குத் தொடுத்தார். முதற்கண் தீர்ப்பு அம்மையார் பக்கமாயிற்று. மேல்முறையீட்டில் அது மாற்றப்பட்டது. 1887-இல், கணவனோடு வாழ வேண்டும், அன்றேல் ஆறு திங்கள் சிறை என்று ஆணை பிறந்தது. அம்மையார் சிறையையே ஏற்க முன்வந்தார்! மறு ஆண்டு தாதாஜி 2,000 ரூபாய் பெற்றுத் தம் உரிமையைக் கைவிட்டார். இவ்வழக்கால் எழுந்த கிளர்ச்சியும் துணைசெய்ய, 1891-இல் பெண்களின் இசைவு வயதைச் சட்டம் 10-இலிருந்து 12-ஆக உயர்த்திற்று. அம்மையாரோ இலண்டனில் மருத்துவம் பயின்று மீண்டு, சூரத்தில் பெண்டிர்க்குத் தொண்டாற்றி, 1955-இல் மறைந்தார். நண்பர்காள்! சிறை புகத் துணிந்தபோது அவர்க்கு வயது 22. நம்மினும் மிக மூத்தவரல்லர்.